பிடித்தம் போக இடைவேளை

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உயிர்வேதியியல், மருந்தியல் புலம்பல்கள் முடிந்ததும் பேச்சு 45 நிமிட இடைவேளையில் வந்து நிற்கும். அதை எப்படிப் பங்கு போடுவது, எந்த பிளாக்குக்குப் பிறகு சாப்பிடுவது, காபி குடிக்கலாமா, குடித்தால் எத்தனை தடவை வெளியே போக வேண்டிவரும் என்று துண்டுக் காகிதத்தில் ஒரு வரவு செலவுத் திட்டமே வைத்திருப்பார். மருத்துவ அறிவைச் சோதிக்க வந்த தேர்வு சிறுநீர்ப்பையையும் சேர்த்தல்லவா சோதிக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் கட்டியவருக்கு வராது.

யூ.எஸ்.எம்.எல்.இ. எனப்படும் இந்தத் தேர்வை சென்னை உட்பட சில இந்திய நகரங்களில் உள்ள புரோமெட்ரிக் மையங்களிலும் எழுதலாம். 2020-களின் முதற்பாதியில் எழுதியவர்கள் அறிந்த வடிவத்தில், முதல் படி எட்டு மணி நேரம். ஏழு பிளாக்குகள், ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடம், அதிகபட்சம் 40 வினா. ஒரு பிளாக்கை மூடிவிட்டால் திரும்பிப் போக முடியாது. பிளாக் நடுவே எழுந்தால் கடிகாரம் நிற்காது. இரண்டு பிளாக்குகளுக்கு இடையில் எழுந்து போகலாம், எத்தனை இடைவெளியில் வேண்டுமானாலும். ஆனால் நாள் முழுவதற்கும் கையிருப்பு 45 நிமிடம். தொடக்கத்தில் வரும் 15 நிமிட விளக்கப் பகுதியைத் தாண்டிப் போனால் அந்த நேரமும் கையிருப்பில் சேரும். ஒரு பிளாக்கைச் சீக்கிரம் முடித்தால் மிச்சமும் சேரும். கையிருப்பைத் தாண்டினால் தேர்வு நேரத்திலேயே கை வைத்துவிடுவார்கள். இரண்டாம் படியின் மருத்துவ அறிவுத் தேர்வு எட்டு பிளாக், ஒன்பது மணி நேரம். பிளாக் ஒன்று கூடியதே தவிர இடைவேளை அதே 45 நிமிடம்தான்.

உலகம் முழுக்க நீண்ட தொழில்முறைத் தேர்வுகள் பலவற்றில் ஏதாவதொரு வடிவில் இருக்கும் இந்த ஏற்பாட்டை எடைபோட்டுப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வைத் தேர்வரின் கையில் ஒப்படைப்பது நல்ல கொள்கை. அந்த ஓய்வுக்குக் கணக்கு எழுதும் விதம்தான் கோளாறு.

தன் உடம்பு, தன் கடிகாரம்

முதலில் நிறையைப் பார்ப்போம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் எம்கேட் தேர்வில் இடைவேளைகள் முன்பே வரையறுக்கப்பட்டவை: பத்து நிமிடம், நடுவில் முப்பது நிமிடம், மறுபடி பத்து நிமிடம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பாட்டு நேரம் அதுதான். யூ.எஸ்.எம்.எல்.இ. முறையில் காலை ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டு வந்தவரும் வெறும் வயிற்றோடு வந்தவரும் ஒரே நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பிளாக் சொதப்பிவிட்டது, கை நடுங்குகிறது என்றால் உடனே வெளியே வந்து முகம் கழுவிக்கொள்ளலாம். எல்லாம் சரளமாகப் போகிறது என்றால் அதே வேகத்தில் அடுத்ததைத் தொடங்கலாம். மணி அடித்து வெளியே அனுப்பும் பள்ளிக்கூட ஏற்பாட்டைவிட இது வளர்ந்தவர்களுக்கு ஏற்றது.

ஓய்வு உண்மையிலேயே மதிப்பெண்ணைக் கூட்டுமா? டென்மார்க்கின் அரசுப் பள்ளிகளில் நடந்த தேசியத் தேர்வுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளில் ஒவ்வொரு மணி நேரம் தள்ளித் தேர்வு நடக்கும்போதும் சராசரி மதிப்பெண் திட்ட விலக்கத்தில் 0.9 விழுக்காடு இறங்கியது. தேர்வுக்கு முன் 20 முதல் 30 நிமிட இடைவேளை கிடைத்தவர்களுக்கு 1.7 விழுக்காடு ஏறியது. தொகை சிறியதுதான். ஆனால் ஒரு மணி நேரச் சோர்வு பறித்துக்கொண்டதை அரை மணி நேர ஓய்வு வட்டியோடு திருப்பித் தந்திருக்கிறது. மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க உளவியலாளர்கள் அக்கர்மனும் கான்ஃபரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் மூன்றரை, நாலரை, ஐந்தரை மணி நேரத் தேர்வுகளை எழுதினார்கள். தேர்வு நீள நீளக் களைப்பு கூடியதாக அவர்கள் சொன்னார்கள். மதிப்பெண் மட்டும் இறங்கவில்லை. பணயம் பெரிதாக இருந்தால் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். தேர்வு வாரியங்களுக்கு இது வசதியான முடிவு. ஆனால் அந்த மாணவர்களுக்குப் பதினெட்டுப் பத்தொன்பது வயது, யூ.எஸ்.எம்.எல்.இ. முதல் படி அவர்களுடைய மிக நீண்ட தேர்வைவிட இரண்டரை மணி நேரம் நீளம். அதை எழுதுகிறவர்களில் கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் உண்டு. பல்லைக் கடிக்கும் திறன் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

எட்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது

ஒரு பிரேக்குக்குள் புகுந்து பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். மூன்றாவது பிளாக் முடிந்துவிட்டது. அடுத்தவர் கவனம் கலையாமல் நாற்காலியைத் தள்ளி எழுந்து, கதவருகே இருக்கும் ஊழியரிடம் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். லாக்கரைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம். கழிப்பறைக்குப் போய்வந்து, நின்றபடியே அரை வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். மறுபடி கதவு. பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். சட்டைக் கையை மேலே ஏற்ற வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். உலோகம் தேடும் கருவி உடம்பைச் சுற்றி ஒருமுறை வரும். முன்னால் இன்னொருவர் நின்றால் அவருக்கும் இதே சடங்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி கையெழுத்து, மறுபடி இருக்கை. இவ்வளவும் நடக்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது உடனே புரியும். நியமன ஆணையில் ஒரு தொகை இருக்கும். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் நுழைவுச் சோதனைக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு இடைவெளிகளிலும் எழுந்து போகிறவர் 45-ல் 18 நிமிடத்தைக் கதவருகே கழிக்கிறார். அவருக்கு மிஞ்சுவது 27.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தேர்வு ஒரே நாளில் எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆண்டு முழுக்க, பல நாடுகளில், ஒரு பொது வினா வங்கியிலிருந்து எடுத்து நடத்தப்படுகிறது. இன்று ஒருவர் சட்டைப் பொத்தானில் கேமராவோடு உள்ளே போனால் அடுத்த மாதம் எழுதுகிறவர்களின் தேர்வும் கெடும். ஆகவே சோதனை நியாயமானது. அதற்கான செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. வினா வங்கி வாரியத்தின் சொத்து. அதைக் காக்கும் நேரமோ தேர்வரின் ஓய்விலிருந்து போகிறது.

இந்தக் கணக்கு முறைக்கு ஒரு பின்விளைவு உண்டு. நீண்ட வேலையில் அடிக்கடி எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வருவது உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை. இங்கே எழுதுகிறவர்களே மருத்துவர்கள். ஆனால் எழுந்த தடவைக்கெல்லாம் பிடித்தம் உண்டு என்றால் யாராக இருந்தாலும் தடவையைத்தான் குறைப்பார்கள். இரண்டு மூன்று பிளாக்குகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டு ஒரே பெரிய பிரேக் எடுப்பார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். ஓய்வுக்காக ஏற்படுத்திய விதியே ஓய்வைத் தள்ளிப்போடச் சொல்லிக் கொடுக்கிறது.

சீக்கிரம் முடித்தவருக்கு மிச்ச நேரம் இடைவேளையில் சேரும் என்ற சலுகையையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வேகமாகப் படிப்பவர் ஒவ்வொரு பிளாக்கிலும் ஐந்து நிமிடம் சேமிப்பார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று, நீளமான நோயாளிக் குறிப்பை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருப்பவர் கடைசி விநாடிவரை உட்கார்ந்திருப்பார். இருவரில் அதிகம் களைத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்குத்தான் ஓய்வு குறைவு.

திட்டமிடுவதே ஒரு சுமை என்பதும் உண்டு. ஏற்கெனவே எழுதிய சீனியர் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும்: விளக்கப் பகுதியை வீட்டிலேயே கணினியில் பார்த்துவிட்டுத் தேர்வன்று தாண்டிவிட வேண்டும், நிறைய சோறு சாப்பிட்டால் ஐந்தாவது பிளாக்கில் கண் சொக்கும், முதல் இரண்டு பிளாக்குகளைச் சேர்த்து எழுதிவிடலாம். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. சொல்லித்தர ஆளில்லாதவர் தேர்வு மையத்தில்தான் கற்றுக்கொள்கிறார். அதற்கான கட்டணத்தைக் கடைசி பிளாக்கில் செலுத்துகிறார்.

யாருடைய உடம்பை வைத்து அளந்தார்கள்?

45 நிமிடம் எல்லோருக்கும் பொது என்பதால் அது சமம் ஆகிவிடுமா? இந்தக் கேள்வி 2007-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த ஹார்வர்டு மருத்துவ மாணவி ஒருவர் இரண்டாம் படித் தேர்வை எழுதவிருந்தார். பாலைப் பீய்ச்சி எடுக்க நாளொன்றுக்குக் கூடுதலாக ஒரு மணி நேர இடைவேளை கேட்டார். கொடுத்த இடைவேளைக்குள் பால் எடுப்பதா, சாப்பிடுவதா, கழிப்பறைக்குப் போவதா என்பது அவருடைய சிக்கல். தனி அறை தருகிறோம், கூடுதல் நேரம் முடியாது என்றது தேர்வு வாரியம். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்பதில்தான் தேர்வின் நம்பகம் இருக்கிறது என்பது அதன் வாதம். கீழ் நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் நீதிபதி கூடுதல் நேரம் தரச் சொன்னார். 2012-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் மாணவிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. இப்போது பாலூட்டும் தாய்மார்கள் கூடுதல் இடைவேளைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கேட்டது வினாக்களுக்கு விடை எழுதக் கூடுதல் நேரம் அன்று, எழுந்து போகும் நேரம். அதைக் கொடுப்பதால் தேர்வு எளிதாவதில்லை. வினாவுக்கான நேரத்தையும் உடம்புக்கான நேரத்தையும் பிரித்துப் பார்க்க மறுத்ததில்தான் வாரியம் தடுமாறியது. மாதவிடாய் நாளில் எழுதுகிறவர், குடல் எரிச்சல் உள்ளவர், சர்க்கரை இறங்கினால் உடனே எதையாவது வாயில் போட வேண்டியவர் என்று எல்லோருடைய குறையும் இந்த ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. இன்ஹேலர், உடம்பில் பொருத்திய இன்சுலின் பம்பு, காது கேட்கும் கருவி போன்றவற்றை முன் அனுமதி இல்லாமலே, பார்வையிட்ட பிறகு உள்ளே விடும் பட்டியல் ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தப் பட்டியல் பொருளுக்கு அனுமதி தருகிறதே தவிர நேரத்துக்குத் தருவதில்லை.

குளிரும் இந்தக் கணக்கில் சேரும். தேர்வுக்கூட ஏ.சி.யைப் பற்றிக் குறைப்படாத தேர்வர் அபூர்வம். பெர்லினில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் உட்கார வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. அறை வெதுவெதுப்பாக ஆக ஆகக் கணக்கிலும் மொழியிலும் பெண்களின் மதிப்பெண் கூடியது. ஆண்களுடையது இறங்கினாலும் அந்த இறக்கம் சிறியது. குளிரில் விறைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கலாமே என்பது எளிது. அந்த ஸ்வெட்டரின் பைகளையும் மடிப்புகளையும் சோதிக்க ஆகும் நேரம் யாருடைய கணக்கில் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பூட்டுக்கு என்ன விலை

இடைவேளை என்றாலே வாரியங்கள் மிரள்வதற்குக் காரணம் உண்டு. வெளியே போனவர் விடையைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டால்? இதற்குத் தேர்வு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி, எழுதி முடித்த பகுதியைப் பூட்டிவிடுவது. திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. தேர்வு 2021-ல் பெற்ற வடிவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 180 வினா, 230 நிமிடம், நடுவில் இரண்டு பத்து நிமிட இடைவேளை. 60 வினாக்கள் முடிந்து பிரேக் எடுத்துவிட்டால் அந்த 60 வினாக்களுக்குத் திரும்ப முடியாது. பழைய வினாவுக்குத் திரும்பும் உரிமையைத் தேர்வர் விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்கு ஓய்வைப் பெறுகிறார். கொடுக்கல் வாங்கல் வெளிப்படையாக இருக்கிறது.

இந்த அளவுகோலோடு முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நம் ஊர் நீட் பி.ஜி. தேர்வைப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். 2024 முதல் அதன் 200 வினாக்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 40 வினா, 42 நிமிடம். பகுதி முடிந்தால் பூட்டு. நேரம் முடியுமுன் அடுத்த பகுதிக்குப் போகவும் முடியாது. அதாவது, சீக்கிரம் முடித்தவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த 42 நிமிடம் தானாகத் தொடங்கும். மூன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிட இடைவேளைகூடக் கிடையாது. அவசரத்துக்கு எழுந்து போனால் அந்தப் பகுதியின் நேரம் போகும். பிற பகுதிகளில் மிஞ்சிய நேரத்தால் அதை ஈடுகட்டவும் வழியில்லை. பி.எம்.பி. தேர்வர் எந்த உரிமையைக் கொடுத்து ஓய்வை வாங்கினாரோ அதே உரிமையை நம் மருத்துவர்களும் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் இன்னொரு வகை. ஐந்து மணி நேர வரம்பு. இரண்டு மணி நேரம் கழிந்ததும் ஒன்று, மூன்றரை மணி நேரம் கழிந்ததும் ஒன்று என விருப்ப இடைவேளைகள். ஆனால் அந்த நேரம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே அடக்கம். தேர்வரின் திறமை தெளிவாகத் தெரிந்ததும் கணினியே தேர்வை முடித்துவிடுவதால், 85 வினாக்களோடு எழுந்து வருகிறவர்களுக்கு இது உறைக்காது. 150 வரை இழுத்துச் செல்லப்படுகிறவருக்கு உறைக்கும். அமெரிக்கக் கணக்கர்களின் சி.பி.ஏ. தேர்வு இவை எல்லாவற்றையும்விட நேர்மையாக நடந்துகொள்கிறது: நான்கு மணி நேரத் தேர்வின் மூன்றாவது பகுதி முடிந்ததும் 15 நிமிடம் கடிகாரம் நின்றுவிடும். வேறு நேரத்தில் எழுந்தால் ஓடும். எது இலவசம், எது செலவு என்பதில் குழப்பமே இல்லை.

தேர்வையே சுருக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஜி.ஆர்.இ. அப்படிச் செய்தது. மூன்றே முக்கால் மணி நேரமாக இருந்ததை 2023 செப்டம்பரில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்கள். கூடவே பத்து நிமிட இடைவேளையும் போயிற்று. சேர்க்கைக்கான பொதுத் திறன் தேர்வுக்கு இது பொருந்தும். நோயாளியின் உயிரைக் கையில் கொடுக்கப்போகும் உரிமத் தேர்வு குழந்தை மருத்துவம் முதல் மனநலம்வரை தொட்டாக வேண்டும். வினா குறைந்தால் நம்பகம் குறையும். ஆகவே நீளத்தை ஏற்றுக்கொண்டு, அதைத் தாங்கும்படி தேர்வு நாளை அமைப்பதுதான் வழி.

செய்யக் கூடியவை

முதலாவது, உள்ளே நுழையும் சோதனை நேரம் இடைவேளைக் கணக்கில் சேரக் கூடாது. பதிவேட்டில் ஏற்கெனவே நேரம் குறிக்கப்படுகிறது. தேர்வர் கதவருகே வந்து நின்ற கணமே இடைவேளைக் கடிகாரம் நின்றுவிட வேண்டும். அப்போது வரிசை நீண்டால் வாரியத்துக்குத்தான் நட்டம். ஊழியர் எண்ணிக்கையைக் கூட்ட அதைவிட நல்ல தூண்டுதல் வேண்டாம். இரண்டாவது, பொதுக் கையிருப்பு முறை தொடரட்டும். அதோடு தேர்வின் நடுப்பகுதியில் யாருடைய கணக்கிலும் சேராத ஒரு 15 நிமிடத்தை சி.பி.ஏ. பாணியில் ஒதுக்க வேண்டும். மெதுவாக எழுதுகிறவருக்கும் திட்டம் தெரியாதவருக்கும் அது அடித்தளமாக இருக்கும். மூன்றாவது, உடல்நிலை காரணமாகக் கூடுதல் இடைவேளை கேட்பதைக் கூடுதல் தேர்வு நேரம் கேட்பதிலிருந்து பிரித்து, சான்றுகளைக் குறைத்து, எளிய விண்ணப்பமாக்க வேண்டும்.

நீட் பி.ஜி.யில் மூன்றாம் பகுதிக்குப் பின் ஓர் இடைவேளை விட்டால் போதும் என்று எழுதிவிடலாம். நடைமுறை அவ்வளவு எளிதில்லை. புரோமெட்ரிக் கூடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரப்படி எழுந்து போகிறார்கள். கழிப்பறையில் கூட்டம் சேராது. நம் ஊரில் ஒரே ஷிப்டில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே விநாடியில் எழுந்தால் பத்து நிமிடம் வரிசையிலேயே போய்விடும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் கழிப்பறைக்குப் போய் வருகிறவர்களை மறுபடி சோதித்துக் கைரேகை எடுக்கும் நடைமுறை 2024-ல் வந்தது. அதையும் இங்கே சேர்த்தால் அரை மணி நேரம் ஆகும். அதனால் அறைவாரியாக நேரத்தைச் சற்று முன்பின்னாகத் தள்ளித் தொடங்குவதே பொருத்தம். இடைவேளையும் அறைவாரியாக வரும். பகுதிகள் ஏற்கெனவே பூட்டப்படுவதால் பாதுகாப்புக்கு இதனால் புதிய ஓட்டை எதுவும் விழாது. அதுவும் முடியாதென்றால், சீக்கிரம் முடித்தவரையாவது மிச்ச நிமிடங்களில் எழுந்து போக விடலாம்.

இவற்றுக்குப் பணம் செலவாகும். இருக்கை கூடுதல் நேரம் அடைபடும், ஊழியர்கள் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். தேர்வர் கட்டும் கட்டணத்தில் இதற்கும் இடம் உண்டு என்பது என் நிலைப்பாடு. இதையெல்லாம் செய்யத் தயங்கும் வாரியங்கள் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். வினாக்களின் கடினம், தேர்ச்சி விழுக்காடு எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கும் அவர்கள், ஒவ்வொரு மையத்திலும் ஒரு தேர்வர் சராசரியாக எத்தனை நிமிடம் கதவருகே நின்றார் என்பதையும் அளக்கலாம். அதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்த எண் வெளியே வந்த பிறகு, 45 என்று எழுதிவிட்டு 27 கொடுப்பதை எந்த வாரியமும் ஓய்வு என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.